பதினேழாம் நம்பர் மேஸ்திரி

சேலத்திலிருந்து ஏற்காடு போகிறவர்கள் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணாமல் இருக்க மாட்டார்கள். மொத்தம் 20. ஏழாவதில் பின் சீட்டுப் பையன் முகம் வெளிறி உட்கார்ந்திருப்பான். பன்னிரண்டாவதில் முன் சீட்டு மாமா, "எனக்கெல்லாம் இது சகஜம்" என்று சொல்லிக்கொண்டே அவசரமாக ஜன்னலைத் திறப்பார். இருபதாவது தாண்டியதும் ஜில்லென்று காற்று வரும். எல்லோரும் ஸ்வெட்டரைத் தேடுவார்கள். ரோட்டை மறந்துவிடுவார்கள்.

யாருமே எண்ணாத ஆசாமிகள் அந்த ரோட்டில் உண்டு. மண்வெட்டி, ஜல்லிக் குவியல், தார் டின் சகிதம் ஓரமாக ஒதுங்கி நமக்கு வழிவிடுகிற சாலைப் பணியாளர்கள். மழை வந்தால் மண் சரியும். பாறை உருளும். தடுப்புச் சுவர் வாயைப் பிளக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து அந்த மலைப்பாதையில் போக்குவரத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. அப்போதுதான் நமக்கு, 'அட, இந்த ரோட்டை யாரோ தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று உறைக்கும்.

உங்கள் உடம்புக்குள்ளும் இப்படி ஒரு மலைப்பாதை இருக்கிறது. டி.என்.ஏ. என்று பெயர். ஒவ்வொரு செல்லிலும் சுமார் 2 மீட்டர் நீளம். அதைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு உருண்டைக்குள் வளைத்து வளைத்து அடைத்திருக்கிறது. வளைவுகளை எண்ண ஆரம்பித்தால் ஏற்காடு என்ன, ஏழு மலையும் தோற்றுப்போகும். அதில் 300 கோடி எழுத்துக்கள். அம்மாவிடமிருந்து ஒரு செட், அப்பாவிடமிருந்து ஒரு செட்.

இந்த ரோடும் தினம் பழுதாகிறது. சிகரெட் புகை, எக்ஸ்ரே, வெயிலில் இருக்கும் அல்ட்ரா வயலெட்... எல்லாம் கைவரிசை காட்டும். (ஏற்காட்டில் ஜில்லென்று இருப்பதால் வெயில் சாதுவானது என்று நினைக்காதீர்கள். 1,000 மீட்டர் மேலே ஏறினால் அல்ட்ரா வயலெட் சுமார் 10 சதவீதம் கூடும். ஏற்காடு 1,500 மீட்டர். குளிர் கண்ணாடி போட்டுக்கொண்டு போட்டிங் போகிற இளைஞர்கள் கழுத்துக்கும் கொஞ்சம் கவனம் கொடுக்கலாம்.)

எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாத பரம சாதுவுக்கும் தப்பில்லை. மூச்சு விடுகிறோமே, அதில் உள்ளே போகிற ஆக்ஸிஜனே கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிறது. ஒரு செல்லில் ஒரு நாளைக்குப் பத்தாயிரக் கணக்கில் சின்னச் சின்னப் பழுதுகள் ஏற்படுவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு செல்லில், ஒரு நாளைக்கு! நாம் எப்படி இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் அதிசயம். அந்த அதிசயத்தின் ரகசியத்தை விளக்கியதற்காக தாமஸ் லிண்டால், பால் மாட்ரிச், அஸீஸ் சன்சார் என்ற மூன்று பேருக்கு 2015-ல் கெமிஸ்ட்ரி நோபல் கொடுத்தார்கள்.

ரகசியம் இதுதான். உள்ளே ஒரு நெடுஞ்சாலைத் துறையே இருக்கிறது. லஞ்சம் வாங்காதது. ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லாதது.

அந்தத் துறையின் முக்கிய ஊழியர்களை அறிமுகப்படுத்துகிறேன்.

முதலில் ஏ.டி.எம். பணம் தராது. ஆனால் ரோடு இரண்டாக அறுந்துவிட்டால், "இந்த இடத்தில் துண்டிச்சுப் போச்சு சார்!" என்று முதலில் கூவுகிற வாட்ச்மேன் இதுதான்.

அடுத்தவர் பி 53. போலீஸ் இன்ஸ்பெக்டர் மாதிரி. தகவல் வந்ததும் டிராஃபிக்கை நிறுத்துவார். அதாவது, செல் இரண்டாகப் பிரிவதைத் தள்ளிப்போடுவார். "ரிப்பேர் முடியட்டும், அப்புறம் போகலாம்." ரிப்பேரே முடியாது என்று தெரிந்தால் தயவு தாட்சண்யம் கிடையாது, அந்த செல்லைத் தற்கொலை செய்துகொள்ளச் சொல்லிவிடுவார். மனிதர்களுக்கு வரும் கேன்சர்களில் ஏறத்தாழ பாதியில் இந்த இன்ஸ்பெக்டர் கெட்டுப்போயிருக்கிறார். இன்ஸ்பெக்டர் கெட்டால் ஊர் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

யானைக்கு எவ்வளவு பெரிய உடம்பு, எத்தனை கோடி செல்கள்! நியாயமாக நம்மைவிட அதற்குத்தான் கேன்சர் அதிகம் வரவேண்டும். வருவதில்லை. காரணம் தேடிப் பார்த்ததில் 2015-ல் ஒரு விஷயம் தெரிந்தது. நமக்கு இந்த பி 53 ஜீன் அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று. யானைக்கோ பரம்பரையில் 20 நகல்கள் சேர்ந்திருக்கின்றன. ஒரு ஸ்டேஷனுக்கு இத்தனை இன்ஸ்பெக்டர் என்றால் எந்தத் திருடன் வருவான்?

மூன்றாவது ஆள்தான் இந்த வாரக் கதாநாயகர். நமது 23 ஜோடி குரோமோசோம்களில் 17-வதில் குடியிருக்கிறார். பெயர் பி.ஆர்.சி.ஏ. 1. டாக்டர்கள் செல்லமாக 'பிராக்கா ஒன்' என்பார்கள். நாம் மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளலாம்.

டி.என்.ஏ. இரண்டு இழை கொண்டது. ஒரு இழை மட்டும் விட்டுப்போனால் சில்லறை வேலை. எதிர் இழையைப் பார்த்து ஒட்டிவிடலாம். இரண்டுமே அறுந்தால்தான் ஆபத்து. அப்போது இரண்டு வழி உண்டு. ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முனையையும் இழுத்து ஒட்டுவது. தேர்தலுக்கு முதல் நாள் போடுகிற ரோடு மாதிரி அவசர வேலை. ஓரிரண்டு எழுத்து காணாமல் போகும். இன்னொன்று, நகல் எடுத்து வைத்திருக்கும் இன்னொரு பிரதியைப் பிரித்து, எழுத்துக்கு எழுத்து பார்த்து, அறுந்த இடத்தை அப்படியே திரும்பக் கட்டுவது. நிதானமான வேலை. சுத்தமான வேலை. இந்த இரண்டாவது ரகத்துக்குத்தான் நம் மேஸ்திரி வேண்டும். அவர் வந்து நின்று, பி.ஆர்.சி.ஏ. 2 என்ற சக மேஸ்திரியை (13-வது குரோமோசோம்) அழைத்து, கூலியாட்களை இறக்கி வேலையை முடிப்பார்.

பெயரைக் கேட்டால் 'பிரெஸ்ட் கேன்சர்' என்பதன் சுருக்கம் மாதிரி இருக்கிறதே, அப்படியானால் இது கேன்சரை உண்டாக்கும் ஜீன்தானே என்று பலர் பயப்படுகிறார்கள். "அந்த ஜீன் எனக்கு இருக்கா டாக்டர்?" என்று கேட்கிறார்கள். இருக்கிறது! உங்களுக்கு, எனக்கு, கடைக்காரருக்கு, கலெக்டருக்கு, எல்லோருக்கும் இருக்கிறது. இருப்பது நல்லது. கெட்டுப்போனால்தான் வம்பு. நோயின் பெயரை மேஸ்திரிக்கு வைத்தது, தீயணைக்கும் படைக்கு 'தீ' என்று பெயர் வைத்த கதை.

மேஸ்திரி இரண்டு பேர். அம்மா அனுப்பியவர் ஒருவர், அப்பா அனுப்பியவர் ஒருவர். சில குடும்பங்களில் அதில் ஒருவர் பிறவியிலேயே கை முடங்கினவராக வந்து சேருகிறார். அதனால் உடனே ஒன்றும் ஆகாது. இன்னொருவர் சமாளிப்பார். இருபது, முப்பது வருஷம் ஓடிவிடும். ஆனால் கோடிக்கணக்கான செல்களில் ஏதோ ஒன்றில், என்றைக்கோ ஒரு நாள், அந்த இன்னொருவரும் படுத்துவிட்டால்? அன்றிலிருந்து அந்த செல்லில் அவசர வேலைதான். தப்பு மேல் தப்பு சேரும். ஒரு நாள் அது புற்றாகத் திரும்பும்.

பழுதான பி.ஆர்.சி.ஏ. 1 உள்ள பெண்களைப் பற்றி 2017-ல் வந்த ஒரு பெரிய வெளிநாட்டு ஆய்வு, 80 வயதுக்குள் 100-ல் 72 பேருக்கு மார்பகப் புற்று வரலாம் என்றும், 44 பேருக்குச் சினைப்பைப் புற்று வரலாம் என்றும் சொன்னது. அமெரிக்காவில் பொதுவாகப் பெண்களுக்கு மார்பகப் புற்று வாய்ப்பு 100-ல் 12, 13 என்கிற அளவில்தான். வித்தியாசம் புரிகிறதா?

உடனே கலவரப்பட வேண்டாம். மார்பகப் புற்றுகளில் இப்படிப் பரம்பரையாக வருவது 100-க்கு 5 முதல் 10 வரைதான். மிச்சமெல்லாம் வாழ்நாளில் தானாகச் சேரும் பழுதுகள். ஆனால் அந்த 5, 10 இருக்கிறதே, அதற்கு முகவரி உண்டு. குடும்பம் குடும்பமாக வரும்.

*

குடும்பமாக வருகிறது என்று முதலில் எழுதி வைத்தவர்களில் ஒருவர் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு டாக்டர். மூளையில் பேச்சுக்கான இடத்தைக் கண்டுபிடித்தவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். 1866-ல் அவர் ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் புற்றுநோயில் இறந்ததைப் பட்டியல் போட்டு வெளியிட்டார். யார் குடும்பம்? அவர் மனைவியின் குடும்பம்!

மாமியார் வீட்டு சமாசாரத்தை இப்படி அச்சில் ஏற்றிவிட்டு அவர் வீட்டுக்குள் எப்படிப் போனார் என்று தெரியவில்லை. ஆனால் ஒன்று. எல்லோரும் வாயை மூடிக்கொள்ளும் விஷயத்தைப் பேசுவதற்குப் பேச்சு நிபுணர்தான் வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல், "ஏதோ சாப்பாடு, ஏதோ துரதிர்ஷ்டம்" என்றே இருந்தார்கள். அமெரிக்காவில் மேரி கிளேர் கிங் என்ற பெண் விஞ்ஞானி 1974 வாக்கில் ஆரம்பித்து, பதினாறு வருஷம் பிடிவாதமாக உட்கார்ந்தார். 23 குடும்பங்கள், 146 நோயாளிகள். 1990-ல், "குற்றவாளியின் வீடு 17-வது குரோமோசோமில் இருக்கிறது" என்று தெருப் பெயரைச் சொன்னார். 1994-ல் மார்க் ஸ்கோல்னிக் தலைமையிலான யூட்டா கோஷ்டி கதவு நம்பரைக் கண்டுபிடித்தது.

கண்டுபிடித்த கையோடு மிரியட் என்ற கம்பெனி அதற்குப் பேட்டண்ட் வாங்கிவிட்டது. நம் உடம்புக்குள் இருக்கிற மேஸ்திரிக்கு அவர்கள் பேரில் பட்டா! டெஸ்ட் செய்வதானால் அவர்களிடம்தான் செய்ய வேண்டும், அவர்கள் சொன்ன விலைதான். 2013 ஜூனில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட், "இயற்கையாக உடம்பில் இருக்கிற ஜீனுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது" என்று பட்டாவை ரத்து செய்தது. அதே வருஷம் மே மாதம் நடிகை ஏஞ்சலினா ஜோலி, தன் பி.ஆர்.சி.ஏ. 1 பழுதானது என்றும், நோய் வருவதற்கு முன்பே இரண்டு மார்பகங்களையும் ஆபரேஷனில் எடுத்துவிட்டதாகவும் பத்திரிகையில் பகிரங்கமாக எழுதினார். அவர் அம்மா 56 வயதில் புற்றுநோயில் இறந்தவர்.

"அதெல்லாம் வெள்ளைக்காரங்க சமாசாரம்" என்று ஒரு குரல் கேட்கிறது. அங்கேதான் தப்பு.

சென்னை அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் ஆரம்பித்த கேன்சர் இன்ஸ்டிடியூட். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். பின்னால் டாக்டர் சாந்தா 2021-ல் தாம் மறையும் வரை தன் ஆயுசையே கொடுத்த இடம். அங்கே டாக்டர் டி. ராஜ்குமார் குழுவினர், புற்றுநோய் திரும்பத் திரும்ப வந்த தென்னிந்தியக் குடும்பங்களின் பி.ஆர்.சி.ஏ. ஜீன்களைப் பரிசோதித்து 2003-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பழுது நம்மவர்களிடமும் இருக்கிறது.

அதில் ஒரு பழுது ரொம்ப விசேஷம். ஜீனின் ஆரம்பத்திலேயே ஏ, ஜி என்று இரண்டே இரண்டு எழுத்து விட்டுப்போயிருக்கும். '185 டெல் ஏஜி' என்று பெயர். இரண்டு எழுத்துதானே என்கிறீர்களா? முழு மேஸ்திரி 1,863 கண்ணிகள் கோத்த சங்கிலி. இந்த இரண்டு எழுத்து போனதால் வாக்கியம் முழுவதும் இடம் மாறி, 39-வது இடத்திலேயே முற்றுப்புள்ளி விழுந்துவிடுகிறது. வேலைக்கு வர வேண்டியவரின் கட்டைவிரல் மட்டும் வந்து சேர்ந்த மாதிரி.

ஐரோப்பிய யூதர்களில் 100-க்கு ஒருவரிடம் இருக்கும் பழுது இது. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர்களும் மற்றவர்களும் தென்னிந்தியப் பெண்களைப் பரிசோதித்து 2009-ல் வெளியிட்ட ஆய்விலும் இதுவே அடிக்கடி தென்பட்டது. எங்கே ஜெருசலேம், எங்கே சேலம்! யாராவது கப்பலில் கொண்டுவந்தார்களா? 2007-ல் வந்த இன்னொரு ஆய்வில் ஒரு இந்தியக் குடும்பத்தை எடுத்து, பழுதுக்கு அக்கம்பக்கத்து எழுத்துக்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஒத்துப்போகவில்லை. அந்தக் குடும்பத்தில் அது தனியாக, சுதேசியாகவே உண்டான பழுது. அங்கே சரிந்த அதே வளைவில் இங்கேயும் மண் சரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

*

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

டாக்டர் கேட்பார்: "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது கேன்சர் இருந்திருக்காம்மா?"

"இல்லீங்க டாக்டர். அப்படியெல்லாம் யாருக்கும் கிடையாது."

பொய் இல்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஏனென்றால் நம் வீடுகளில் கேன்சர் என்ற பெயரில் யாரும் செத்ததில்லை. பாட்டி 'ஏதோ வயித்துக் கட்டி'யில் போனாள். பெரியம்மாவுக்கு 'மார்ல ஒரு புண்ணு, ஆறவே இல்ல'. சின்ன அத்தைக்கு 'வயிறு உப்பிக்கிச்சு, யாரோ செஞ்சு வெச்சுட்டாங்க'. 40 வயதில் வயிறு வீங்கி இறந்த அத்தைக்கு சினைப்பையில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? செய்வினை வைத்ததாகச் சொல்லி எதிர்வீட்டுக்காரியோடு பேச்சை நிறுத்தியதுதான் மிச்சம்.

தெரிந்தாலும் சொல்ல மாட்டோம். "வெளியில சொல்லாதே, பொண்ணுக்கு வரன் அமையாது." ஆபரேஷனுக்குச் சென்னை போன அம்மாவை 'காசி யாத்திரை' போயிருப்பதாகச் சொன்ன குடும்பங்கள்கூட இருக்கும். ஒளித்து வைப்பது பெண்ணின் நன்மைக்கு என்று நினைக்கிறோம். ஆனால் அந்தப் பெண்ணுக்குத்தான் அந்தத் தகவல் எல்லோரையும்விட அவசியம். மண் சரிந்த இடத்தில் போர்டு வைக்காமல், 'ஊருக்குக் கெட்ட பேர்' என்று போர்டைப் பிடுங்கி மறைத்து வைப்பதற்குச் சமம் இது. அடுத்து வருகிற வண்டியில் நம் பெண்தான் இருக்கிறாள்.

இன்னொரு கண்ணாமூச்சி. பெண்களின் நோய் என்பதால் அம்மா வழியை மட்டும் விசாரிப்பார்கள். மேஸ்திரியை அப்பாவும் அனுப்புகிறார் என்று சொன்னேன் அல்லவா? பழுதான ஜீன் அப்பாவிடம் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்து சேர 50 சதவீத வாய்ப்பு. பையனா பெண்ணா என்ற பாரபட்சம் கிடையாது. அப்பா 80 வயது வரை கல்லுப்பிள்ளையார் மாதிரி இருப்பார். அவரிடம் எந்த அறிகுறியும் தெரியாமல் போகலாம். துப்பு அவர் அக்கா தங்கையிடம்தான் இருக்கும். அதனால் கேட்க வேண்டியது அத்தைகளைப் பற்றியும்தான். சீர் செய்யும்போது மட்டும் நினைவுக்கு வருகிற அத்தையை இதற்கும் கொஞ்சம் நினைக்கலாம்.

ஆண்களுக்கும் முழு விடுதலை இல்லை. குறிப்பாக பி.ஆர்.சி.ஏ. 2 பழுதான ஆண்களுக்கு புராஸ்டேட் புற்று வரும் வாய்ப்பு அதிகம். அபூர்வமாக, ஆண்களுக்கே மார்பகப் புற்றும் வரும்.

"சொந்தத்துல கல்யாணம் பண்ணினதால வந்துதா?" என்று ஒரு கேள்வி வரும். இந்த மேஸ்திரி விஷயத்தில், இல்லை. ஒரு பக்கத்துப் பழுதே போதும். ஆனால் துறையில் வேறு சில ஊழியர்கள் உண்டு. உதாரணமாக அந்த வாட்ச்மேன் ஏ.டி.எம். அது இரண்டு பக்கமும் பழுதாக வந்தால், நடக்க ஆரம்பித்த குழந்தை சில வருஷங்களில் தள்ளாட ஆரம்பிக்கும். கண்ணில் சிவப்பு நரம்புகள் தெரியும். அடிக்கடி சளி, ஜுரம். புற்றுநோய் வாய்ப்பும் அதிகம். அக்கா பெண், மாமன் பெண் என்று கட்டும்போது ஒரே பழுது இரண்டு பக்கமும் வந்து சேரும் வாய்ப்பு கூடும். அங்கே சொந்தத்தைக் குறை சொல்லலாம்.

*

"சரி, தெரிஞ்சு என்ன ஆகப் போறது? நிம்மதிதான் போகும்."

இதற்கு மூன்று பதில் உண்டு.

முதல் பதில், முன்னாடியே பார்க்கலாம். பழுது இருப்பது தெரிந்த பெண்ணுக்கு 25 வயதிலிருந்தே வருஷம் ஒரு எம்.ஆர்.ஐ., 30-லிருந்து மாம்மோகிராமும் சேர்த்து என்று டாக்டர்கள் அட்டவணை போட்டுக் கொடுப்பார்கள். பட்டாணி அளவில் பிடித்தால் புற்றுநோயும் ஒரு நோய்தான். எலுமிச்சை அளவில் பிடித்தால்தான் எமன்.

இரண்டாவது பதில், வருமுன் எடுத்துவிடலாம். சினைப்பைப் புற்றை ஆரம்பத்தில் கண்டுபிடிக்க நல்ல வழி இல்லை. அதனால் குழந்தை பெற்று முடித்த பிறகு, 35-லிருந்து 40 வயதுக்குள் சினைப்பைகளை எடுத்துவிடும்படி பி.ஆர்.சி.ஏ. 1 பெண்களுக்கு ஆலோசனை சொல்கிறார்கள். மார்பக ஆபரேஷன் அவரவர் விருப்பம். கஷ்டமான முடிவுதான். மாமியார், நாத்தனார், மூன்றாம் வீட்டு மாமி எல்லோரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு அல்ல. அந்தப் பெண் எடுக்க வேண்டியது.

மூன்றாவது பதில்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதற்குத் திரும்ப ஏற்காட்டுக்கு வர வேண்டும்.

ஏற்காட்டுக்கு சேலம் பக்கமிருந்து இரண்டு ரோடு. 20 வளைவு ரோடு ஒன்று. குப்பனூர் வழி இன்னொன்று. பெரிய ரோட்டில் மண் சரிந்தால் குப்பனூர் வழியாகத் திருப்பி விடுவார்கள். மலை மேல் அரிசி, பால், கேஸ் சிலிண்டர் வந்து சேரும். ஊர் பிழைத்துக்கொள்ளும். இரண்டு ரோடும் ஒரே நேரத்தில் மூடினால்?

பி.ஆர்.சி.ஏ. பழுதில் வந்த புற்றுநோய் செல்லுக்கு நிலைமை அதுதான். இரண்டு மேஸ்திரியும் அவுட் என்பதால் அதன் பெரிய ரோடு ஏற்கனவே மூடிக் கிடக்கிறது. பார்ப் என்ற இன்னொரு ஊழியரை நம்பித்தான் காலம் தள்ளுகிறது. அவர் ஒற்றை இழைப் பழுதுகளை உடனுக்குடன் சரிசெய்து, அவை பெரிய பழுதாக மாறாமல் பார்த்துக்கொள்கிறவர். குப்பனூர் ரோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த பார்ப்பை ஒரு மாத்திரை போட்டு மடக்கிவிட்டால்? இரண்டு ரோடும் மூடல். செல் செத்துப்போகும். பக்கத்து நல்ல செல்களுக்கு? அவற்றில் ஒரு மேஸ்திரி நல்ல நிலையில் இருக்கிறார், பெரிய ரோடு திறந்திருக்கிறது. அதனால் அவை சமாளித்துக்கொள்ளும். நோயின் பலவீனத்தை வைத்தே நோயை மடக்குகிற வித்தை! 2005-ல் ஆய்வுக்கூடத்தில் காட்டினார்கள். 2014 டிசம்பரில் ஒலாபரிப் என்ற பெயரில் சினைப்பைப் புற்றுக்கான மருந்தாக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பிறகு மார்பகம், புராஸ்டேட் என்று மற்றவற்றுக்கும் வந்திருக்கிறது. இந்த மாத்திரை யாருக்குப் பலன் தரும் என்று தெரிய, மேஸ்திரியின் நிலைமை முதலில் தெரிந்தாக வேண்டும். அதற்குத்தான் டெஸ்ட்.

டெஸ்ட் என்றதும் நாளைக் காலையே கிளம்பிவிடாதீர்கள். எல்லோருக்கும் தேவையில்லை. இளம் வயதில், அதாவது 45, 50-க்குள் மார்பகப் புற்று வந்தவர் வீட்டில் இருந்தால். எந்த வயதிலானாலும் சினைப்பைப் புற்று வந்தவர் இருந்தால். ஒரே பக்கத்து உறவில் இரண்டு மூன்று பேருக்கு வந்திருந்தால். ஆணுக்கு மார்பகப் புற்று வந்திருந்தால்... அப்போது கேட்க வேண்டும். முதலில் நோய் வந்தவருக்கு டெஸ்ட். அவரிடம் பழுது எது என்று தெரிந்தால், மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். டெஸ்டுக்கு முன்னும் பின்னும் விவரம் தெரிந்த டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டும். ரிசல்ட் சில சமயம், "ஒரு எழுத்து மாறியிருக்கிறது, நல்லதா கெட்டதா தெரியவில்லை" என்றும் வரும். உலக லிஸ்டில் நம்மவர்கள் கணக்கு குறைவு என்பதால் நமக்கு இப்படி அதிகமாகவே வரும். அதைப் பார்த்து ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடக்கூடாது.

விலை? ஆரம்ப காலத்துக்கு இப்போது எவ்வளவோ இறங்கியிருக்கிறது. ஆனாலும் ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் கூலிக்குப் பழம் பறிக்கிற பெண்ணுக்கு அது பெரிய தொகைதான். மேலே சேர்வராயன் மலை கிராமங்களிலிருந்து ஒரு மாம்மோகிராம் எடுக்கவே சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு இறங்க வேண்டும். ஒரு நாள் கூலி போச்சு, பஸ் சார்ஜ் போச்சு. "கட்டி வலிக்கலையே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவதில் ஆச்சரியம் இல்லை. வலிக்காத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று மலை மேல் போய்ச் சொல்கிற நர்ஸம்மா எந்த நோபல்காரருக்கும் குறைந்தவர் இல்லை.

ஆனால் இதில் காசே செலவில்லாத ஒரு டெஸ்ட் இருக்கிறது. பேசுவது.

பெண் பார்க்கப் போகிறோம். பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். செவ்வாய் எந்தக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று நாலு ஜோசியரைக் கேட்கிறோம். பையன் சம்பளத்தை மூன்று வழியில் விசாரிக்கிறோம். "உங்க வீட்டுல யாருக்கு என்ன உடம்புக்கு வந்தது, எந்த வயசுல?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் சண்டை. சொன்னால் சம்பந்தம் முறிவு. இரண்டும் தேவையில்லை. எல்லார் வீட்டு ரோட்டிலும் எங்கேயாவது மண் சரிந்துதான் இருக்கும். அம்மாவிடமோ அப்பாவிடமோ பழுது இருந்தாலும், அந்தப் பெண்ணுக்கு அது வருவதற்கும் வராமல் இருப்பதற்கும் சமவாய்ப்பு. இருந்தாலும் வழி இருக்கிறது. போர்டு இருக்கிற வளைவில் மெதுவாகப் போகலாம். மறைத்து வைத்த வளைவில்தான் வண்டி உருள்கிறது.

ஜாதகக் காகிதத்தின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கும். இந்தத் தீபாவளிக்கு எல்லோரும் கூடும்போது வீட்டில் வயதான ஒருவரை உட்கார வைத்து, பாட்டி, பெரியம்மா, அத்தை, சித்தப்பா என்று இரண்டு பக்கத்துப் பெயரையும் அதில் எழுதுங்கள். பக்கத்தில் என்ன நோய், எந்த வயசு. 'வயித்துக் கட்டி' என்றால் அப்படியே எழுதுங்கள், டாக்டர் புரிந்துகொள்வார்.

செவ்வாய் என்ன செய்யும் என்பதை முன்பக்கம் சொல்லட்டும். உங்கள் பேத்தியைக் காப்பாற்றப் போவது பின்பக்கம்தான்.